சாகும் செல்லில் மைட்டோகாண்ட்ரியா

ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் சிறு செடியான அராபிடாப்சிஸின், திரவ ஊடகத்தில் வளரும் செல்களை ஒரு குடுவையில் எடுத்து, 55 டிகிரி செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டு வெளியே எடுத்தால், உடனே நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. மறுநாள் அதே குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் காட்சி மாறியிருக்கும். செல்சுவர் இருந்த இடத்தில் இருந்த வடிவத்திலேயே நிற்க, உள்ளேயிருந்த புரோட்டோபிளாசம் முழுவதும் சுவரை விட்டு விலகி, நடுவில் சுருண்டு, மங்கிய உருண்டையாகக் கிடக்கும். இன்னும் இருபது முப்பது டிகிரி கூடுதலான சூட்டில் வைத்திருந்தாலும் அவை செத்துத்தான் போயிருக்கும். ஆனால் அந்தச் சுருக்கம் வராது, உள்ளடக்கம் சுவரோடு ஒட்டியபடியே வெந்து கிடக்கும். முதல் வகையில் சாவதற்குச் செல்லுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அது எதையோ செய்திருக்கிறது.

ஆய்வகத்தில் எனக்கு முதலில் கிடைத்த வேலை இந்தச் செல்களை எண்ணுவதுதான். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டு, ஒன்றுக்கு 'உயிருள்ளவை' என்றும், அடுத்ததற்குத் 'திட்டமிட்டு இறந்தவை' என்றும், மூன்றாவதற்கு 'வெந்தவை' என்றும் தலைப்பு எழுதினேன். சில வாரங்கள் உற்சாகமாக எண்ணிய பிறகு, சூடு காட்டாத குடுவையிலும் திட்டமிட்டு இறந்தவை ஏராளமாக இருப்பதைக் கண்டு குழம்பிப்போனேன். காரணம் மிக எளியது. நான் மெதுவாக எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஊடகம் ஆவியாகிச் சர்க்கரைச் செறிவு கூடிவிட்டது. செல்கள் நீரை இழந்து சுருங்கிவிட்டன. பள்ளிப் பாடத்தில் பிளாஸ்மா சிதைவு என்று படித்த அதே நிகழ்வு. ஃபுளோரசீன் டைஅசிடேட் சாயத்தை ஒரு துளி சேர்த்ததும் அந்தச் 'செத்த' செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன. உயிருள்ள செல்லின் நொதிகள் மட்டுமே அந்தச் சாயத்தை ஒளிரும் பொருளாக மாற்றும், சிதையாத சவ்வு மட்டுமே அதை உள்ளே தேக்கி வைத்திருக்கும். உண்மையில் இறந்த செல்லோ இருண்டே கிடக்கும். அதற்கு நீர் சேர்த்தாலும் அது மீண்டும் விரியாது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுபவை உள்ளே வேறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை இந்தத் துறையில் எவ்வளவு தூரம் தேவைப்படும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தாவரங்கள் தம் செல்களைத் தாமே கொல்வது அரிய நிகழ்வன்று. நீரைக் கடத்தும் சைலக் குழாயின் செல் இறந்து உள்ளீடற்றுப் போனால்தான் அது குழாயாகவே பயன்படும். முளைக்கும் தானியத்தின் அலுரோன் அடுக்கு தன் நொதிகளைச் சுரந்து முடித்ததும் இறக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் மக்காச்சோள வேரின் புறணிச் செல்கள் செத்து, காற்று செல்ல இடம் விடுகின்றன. நோய்க்கிருமி நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள இலைச் செல்கள் விரைந்து மடிந்து, கிருமி மேலும் பரவாமல் தடுக்கின்றன. இதை மிகையுணர்வு எதிர்வினை என்கிறோம். விலங்கில் இறக்கும் செல்லைத் துண்டு துண்டாக விழுங்கி அகற்ற அண்டைச் செல்கள் உண்டு. தாவரத்தில் செல்சுவர் குறுக்கே நிற்பதால் அது நடக்க வழியில்லை. செல் தன்னைத் தானே செரித்துக்கொண்டாக வேண்டும், அல்லது பிணமாக அங்கேயே கிடக்க வேண்டும்.

இந்த வேறுபாடு கண்ணெதிரே இருந்தும், தாவரச் செல் இறப்பைப் பற்றிய சிந்தனை நீண்ட காலம் விலங்குச் செல்லின் கதையையே அச்சாக வைத்துக்கொண்டு நடந்தது. அதற்குக் காரணமும் உண்டு. 1972-இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவரும், விலங்குச் செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கொன்றுகொள்வதைக் குறிக்க அப்போப்டாசிஸ் என்ற சொல்லை அறிமுகப்படுத்தியபோது அது ஒரு தோற்றத்தின் பெயராக மட்டுமே இருந்தது. 1996-இல் சியாவ்தோங் வாங்கின் ஆய்வுக்குழு அதற்குள் ஓடும் இயந்திரத்தின் முக்கியப் பாகம் ஒன்றைக் கண்டது. அந்தப் பாகம் சைட்டோகுரோம் சி. மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு இடையே இருந்துகொண்டு சுவாசச் சங்கிலியில் எலக்ட்ரானைக் கைமாற்றித் தரும் இந்தச் சிறு புரதம், வெளிச் சவ்வைத் தாண்டிச் சைட்டோபிளாசத்துக்குள் கசிந்தால், அங்கே அபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து காஸ்பேஸ் நொதிகளை முடுக்கிவிடுகிறது. காஸ்பேஸ்கள் செல்லை உள்ளிருந்தே வெட்டி முடிக்கின்றன. ஆற்றல் தரும் உறுப்பின் அன்றாட வேலையாள் ஒருவரே வாசலைத் தாண்டியதும் மரண ஓலையாகிவிடுகிறார் என்ற இந்தக் கதையின் அழகு, அதைத் தாவரத்திலும் தேட வைத்தது.

தேடியவர்களுக்குக் கிடைத்தும்விட்டது. 1999-இல் யான்னேகே பால்க், கிறிஸ்டோபர் லீவர், பால் மெக்கேப் ஆகியோர், வெள்ளரிச் செடியில் 55 டிகிரி சூட்டுக்குப் பிறகு சைட்டோகுரோம் சி மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோபிளாசத்துக்கு வந்திருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் இன்னொரு குழு, விலங்குச் செல்லில் மைட்டோகாண்ட்ரியாவைத் துளைத்துச் செல்லைக் கொல்லும் பாக்ஸ் என்ற புரதத்தை, புகையிலைத் தேமல் வைரஸை வாகனமாகக் கொண்டு புகையிலை இலைக்குள் செலுத்தியது. தாவரத்தில் பாக்ஸ் கிடையாது. இருந்தும் அந்த அயல் புரதம் இலைச் செல்களைக் கொன்றது, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று சேர்ந்தால்தான் கொன்றது. பூட்டு ஒன்றே, சாவிதான் இன்னும் அகப்படவில்லை என்று எண்ணுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சைட்டோகுரோம் சி கசிவை நானும் காட்ட முயன்றேன். சூடு காட்டிய செல்களைக் குளிர்ந்த கரைசலில் பீங்கான் உரலில் இட்டு அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படியும் மைட்டோகாண்ட்ரியாவையும் மேலே தெளியும் சைட்டோபிளாசத்தையும் பிரித்து, இரண்டிலும், குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் சைட்டோகுரோம் சி-யைத் தேட வேண்டும். மேல் தெளிவில் பட்டை அழகாகத் தெரிந்தது. சூடு காட்டாத மாதிரியின் மேல் தெளிவிலும் அதே பட்டை, ஏறக்குறைய அதே தடிமனில், தெரிந்தது. தாவரச் செல்லின் சுவரை உடைக்கும் அளவுக்கு அழுத்தி அரைத்தால், சுவரைவிட மிக மென்மையான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வு பிழைக்குமா என்ன? ஆய்வகத்தின் மூத்தவர் அந்தப் படலத்தைப் பார்த்துவிட்டு, "உரலில் நீங்கள் உடைத்ததையெல்லாம் செல் தானாகத் திறந்ததாகக் கணக்கு எழுதாதீர்கள்" என்றார். அதன் பிறகு செல்சுவரை நொதிகளால் கரைத்து, புரோட்டோபிளாஸ்ட்டாக்கி, மெல்லிய வலை வழியே மெதுவாகச் செலுத்தி உடைக்கப் பழகினேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சுவரை இழப்பதே செல்லுக்குப் பெரும் அதிர்ச்சி. எனவே இந்தச் சோதனையின் ஒவ்வொரு வடிவத்திலும், பட்டைக்கு அருகில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறப் புரதம் ஒன்றையும் தேடி, அது மேல் தெளிவில் இல்லை என்று காட்டாவிட்டால் முடிவை நான் நம்புவதில்லை.

கசிவு நடக்கவில்லை என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. கவனமாகச் செய்த பல ஆய்வுகளில் அது நடக்கிறது. கேள்வி, கசிந்த பிறகு அது எதைச் செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. தாவர மரபணுத் தொகுதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டபோது அபாஃப்-1-க்கு நேரான புரதம் அங்கே தென்படவில்லை. பாக்ஸ் சேர்ந்த பிசிஎல்-2 புரதக் குடும்பம் இல்லை. உண்மையான காஸ்பேஸும் இல்லை. காஸ்பேஸின் தூரத்து உறவான மெட்டாகாஸ்பேஸ் இருக்கிறது என்றாலும் அதன் வெட்டும் இடம் வேறு. காஸ்பேஸ் ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு அடுத்து வெட்டும். மெட்டாகாஸ்பேஸ் ஆர்ஜினைனுக்கோ லைசினுக்கோ அடுத்து வெட்டும். ஓலை வாசலைத் தாண்டி வந்துவிட்டது, ஆனால் அதைப் படிக்க ஆளில்லை என்ற நிலை.

2002-இல் சின்னியா செடியின் செல்களைக் கொண்டு நடந்த ஆய்வு இதை நேரடியாகத் தொட்டது. சின்னியாவின் இலைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, தகுந்த ஹார்மோன்களோடு வளர்த்தால், கண்ணெதிரே சைலச் செல்களாக மாறி இறக்கும். இறப்புக்கு முன்னரே மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் தளர்ந்தது, சைட்டோகுரோம் சி வெளியேறியது. எனினும் செல்லைக் கொல்ல அந்த வெளியேற்றம் மட்டும் போதுமானதாக இல்லை. அடுத்த ஆண்டு, வெள்ளரி ஆய்வைச் செய்த குழுவினரே இன்னொரு திசையில் தேடினார்கள். அராபிடாப்சிஸின் உட்கருக்களைத் தனியே எடுத்து அவற்றோடு மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்த்தபோது டி.என்.ஏ. பெரிய துண்டுகளாக வெட்டுப்பட்டது. சைட்டோகுரோம் சி-யை மட்டும் சேர்த்தபோது எதுவும் நடக்கவில்லை. வெட்டியது, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுகளுக்கு இடையே இருந்த டி.என்.ஏ. வெட்டும் நொதி ஒன்று. தங்கள் முதல் கதையைத் தாங்களே திருத்த முன்வந்த அந்தக் கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்படியானால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இதில் என்ன வேலை? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விலங்கில் அது மரண ஓலையை அனுப்பும் இடம். தாவரத்தில் அது, செல்லால் இனிமேல் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற கணக்கு தீரும் இடம். கொல்லும் கை பெரும்பாலும் வேறொன்றாக இருக்கிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் கணக்கு நேராக இருக்கும்வரை அந்தக் கை ஓங்குவதில்லை. இதற்கான சான்றுகளில் சில கண்ணால் பார்க்கக்கூடியவை, சில மரபணுக்களில் கிடைப்பவை.

கண்ணால் பார்க்கக்கூடியதில் எனக்கு மிகப் பிடித்தது மடகாஸ்கரில் நீருக்கடியில் வளரும் அப்போனோஜெட்டான் மடகாஸ்கரியென்சிஸ். அதன் முதிர்ந்த இலை சரிகை வேலைப்பாடு போல முழுவதும் துளைகளாக இருக்கும். இளம் இலையில் துளை இல்லை. நரம்புகள் சதுரம் சதுரமாகப் பின்னிய கட்டங்களுக்குள் செல்கள் ஆந்தோசயனின் நிறமியால் சிவந்திருக்கும். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சிவப்பு மறையத் தொடங்கும். அந்த வெளுப்பு நரம்பை நோக்கிப் பரவும். நரம்பை ஒட்டி நான்கைந்து செல் வரிசைகள் எஞ்சியிருக்கும்போது நின்றுவிடும். இலையோ மிக மெல்லியது, கிட்டத்தட்ட ஒளி ஊடுருவுவது. ஆகவே ஒரே கட்டத்தில், ஒரே பார்வையில், நரம்போரம் சாகப்போவதில்லாத செல், சற்று உள்ளே சாகத் தொடங்கிய செல், நடுவில் செத்துக்கொண்டிருக்கும் செல் என்று இறப்பின் காலவரிசையை இடவரிசையாகவே பார்த்துவிடலாம்.

அருணிகா குணவர்தனவின் குழு 2011-இல் இந்தக் கட்டங்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவைச் சாயமேற்றிப் பார்த்தது. நரம்போரச் செல்லில் அவை உருண்டையாகவோ குறுங்கோலாகவோ தனித்தனியே சிதறி, சைட்டோபிளாச ஓட்டத்தில் விரைந்து சென்றுகொண்டிருந்தன. சாகத் தொடங்கிய செல்லில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தன. கடைசிக் கட்டத்தில் சவ்வு மின்னழுத்தம் போய், சாயம் ஏறாமல், சிதைந்த பசுங்கணிகங்களின் அருகே அசைவற்று நின்றன. விலங்கு மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் திடீரென்று திறக்கும் ஊடுருவு துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் ஏ மருந்தைக் கொடுத்தபோது இலையில் துளைகள் குறைந்தன. மருந்துகளை நம்பி எழுதப்படும் முடிவுகளை நான் எப்போதும் அரை மனதோடுதான் ஏற்பேன்; ஒரு மருந்து ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் உருமாற்றம் இறப்புக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. அராபிடாப்சிஸிலும், ஒளிரும் புரதம் ஏற்றிய மைட்டோகாண்ட்ரியா இறப்பைத் தூண்டியவுடன் உப்பி உருண்டையாவதையும், அது செல் சாகப்போவதன் தொடக்க அறிகுறியாக இருப்பதையும் 2008-இல் ஸ்காட்டும் லோகனும் காட்டினர்.

இனி, கணக்கு எதைக் கொண்டு எழுதப்படுகிறது என்ற பகுதி. சுவாசச் சங்கிலியில் எலக்ட்ரான்கள் கைமாறும்போது சில தவறி ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து சூப்பராக்சைடாகவும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறுகின்றன. சங்கிலியின் முன்பக்கம் நெரிசலாகி, பின்பக்கம் மந்தமானால் தவறும் எலக்ட்ரான்கள் பெருகும். விலங்குகளுக்குப் பொதுவாக இல்லாத ஒரு வடிகால் தாவரத்துக்கு உண்டு: மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி. அது சங்கிலியின் நடுவிலேயே எலக்ட்ரானை வாங்கி, சங்கிலியின் கண்ணிகளான புரதக் கூட்டுகளில் மூன்றாவதையும் நான்காவதையும் சுற்றிக் கடந்து, நேராக ஆக்சிஜனிடம் கொடுத்து நீராக்கிவிடுகிறது. ஏ.டி.பி. குறைவாகக் கிடைக்கும், எஞ்சிய ஆற்றல் வெப்பமாகப் போகும். வீண்செலவுதான், ஆனால் நெரிசல் தீரும். சயனைடு கொடுத்தாலும் தாவரத் திசு ஓரளவு சுவாசிப்பது இதனால்தான். 1999-இல் புகையிலைச் செல்களில் இந்த நொதியைக் கூட்டியபோது மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு, பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் பொருள்களின் அளவு குறைந்தது, குறைத்தபோது கூடியது. நொதி இல்லாத செல்கள், ஹைட்ரஜன் பெராக்சைடோ சாலிசிலிக் அமிலமோ கொடுத்தால் எளிதில் திட்டமிட்ட இறப்புக்குள் போயின. வடிகாலை அடைத்தால் வீடு மூழ்குகிறது என்ற அளவுக்கு நேரடியான முடிவு.

ஆனால் என்னை உண்மையில் வியக்கவைத்தது அராபிடாப்சிஸின் மோட்1 என்ற திடீர்மாற்றச் செடி. அதில் பழுது இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை. பசுங்கணிகத்தில் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதி ஒன்றில். அந்தச் செடியின் இலைகளில் ஆங்காங்கே செல்கள் தாமாகச் செத்துத் திட்டுத் திட்டாகக் காயும். சீன ஆய்வாளர்கள் அந்தச் செடியில் மேலும் திடீர்மாற்றங்களை உண்டாக்கி, எந்த இரண்டாம் பழுது ஏற்பட்டால் செடி சாகாமல் பிழைக்கிறது என்று தேடினார்கள். 2015-இல் வெளியான முதல் விடை, மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டு. அங்கே பழுது ஏற்பட்டால் வினைமிகு ஆக்சிஜன் பொருள்கள் குறைந்து செடி தப்புகிறது. பசுங்கணிகத்தில் ஏற்பட்ட குறைக்கு மைட்டோகாண்ட்ரியா ஏன் செல்லைக் கொல்ல வேண்டும்? 2018-இல் வந்த அடுத்த கட்டுரை நடுவில் இருந்த பாதையைக் காட்டியது. தப்பிப் பிழைத்த மற்ற செடிகளில் பழுதாகியிருந்தவை மூன்று: பசுங்கணிகத்தில் மாலேட் என்ற சிறு கரிமப் பொருளை உருவாக்கும் நொதி, அதைப் பசுங்கணிகத்துக்கு வெளியே கடத்தும் புரதம், மைட்டோகாண்ட்ரியாவில் மாலேட்டைக் கையாளும் நொதி. ஆக, கொழுப்பு அமிலம் செய்யாமல் தேங்கிப்போன எலக்ட்ரான்கள் மாலேட்டாகப் பொதிகட்டப்பட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பப்படுகிறது. அங்கே அவிழ்க்கப்பட்டு முதல் கூட்டை நெரிக்கிறது. வினைமிகு ஆக்சிஜன் பொருள்கள் பெருகிச் செல் மடிகிறது. ஒரு வரியில் வந்து நின்ற மூன்று பழுதுகளும் ஒரே வண்டிப்பாதையின் மூன்று சுங்கச்சாவடிகள் போல இருப்பதைப் பார்த்தபோது, மரபணு முறையின் மேல் எனக்கு இருந்த மரியாதை இரட்டிப்பானது. இங்கே எந்த மருந்தும் இல்லை, உரலும் இல்லை. எது பழுதானால் செடி பிழைக்கிறது என்ற ஒரே கேள்விதான்.

மைட்டோகாண்ட்ரியா கொலைக்குக் காரணமாக முடியும் என்பதற்கு இன்னும் வலுவான சான்று, மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.விலேயே எழுதப்பட்ட மரணங்கள். மனிதனின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. 16,569 எழுத்துகள் மட்டுமே. அராபிடாப்சிஸுக்கு அது சுமார் 3,67,000. அந்தப் பெரிய, தளர்வான மரபணுத் தொகுதியில் துண்டுகள் அடிக்கடி வெட்டி ஒட்டப்பட்டு, எந்த மூதாதையிடமும் இல்லாத ஒட்டுமரபணுக்கள் தோன்றுகின்றன. அவற்றில் சில, செடியின் மற்ற எல்லா உறுப்புகளையும் விட்டுவிட்டு மகரந்தத்தை மட்டும் அழிக்கின்றன. மகரந்தப்பையின் உட்புறம் டபீட்டம் என்ற திசு, வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் கொடுத்து, உரிய நேரத்தில் தானே இறந்து தன் சத்தையும் கொடுத்துவிட வேண்டும். அது முந்திச் செத்தால் மகரந்தம் உருவாகாது. கலப்பின விதை உருவாக்குவோர் நாடும் ஆண்மலட்டுச் செடி கிடைக்கும். சூரியகாந்தியில் இதைத்தான் பால்க்கும் லீவரும் 2001-இல் கண்டார்கள்: டபீட்டம் செல்கள் உரிய காலத்துக்கு முன்பே சுவரை விட்டுச் சுருங்கின, சைட்டோகுரோம் சி கசிந்தது, இறப்பு மகரந்தப்பையின் மற்ற திசுக்களுக்கும் பரவியது. நெல்லின் காட்டு ஆண்மலட்டு வகையில் டபிள்யூஏ352 என்ற மைட்டோகாண்ட்ரியப் புரதம், காக்ஸ்11 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, பெராக்சைடைக் கையாளும் அதன் வேலையைத் தடுத்து, டபீட்டத்தை முந்திக் கொல்வதாக 2013-இல் சீனக் குழு ஒன்று விளக்கியது. அந்தக் காட்டு நெல் ஹைனான் தீவில் கண்டெடுக்கப்பட்டது 1970-இல். சீனக் கலப்பின நெல்லின் எழுச்சி அங்கிருந்து தொடங்கியது.

அதே 1970-இல் அமெரிக்காவில் நடந்தது நேரெதிரான கதை. அங்கே கலப்பின மக்காச்சோளம் உற்பத்தி செய்யும்போது ஆண் பூங்கொத்துகளைக் கையால் ஒடிக்கும் வேலையை மிச்சப்படுத்த, டெக்சஸ் சைட்டோபிளாசம் என்ற ஆண்மலட்டு வகையைப் பெருவாரியாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு அந்த வகை. இலைக்கருகல் நோயை உண்டாக்கும் பைபோலாரிஸ் மேய்டிஸ் பூஞ்சையின் டி இனம் தெற்கிலிருந்து வடக்காகப் பரவி, விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை அழித்தது. இழப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர். மறு ஆண்டே, பூஞ்சையின் நச்சு இந்த வகையின் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்தெடுத்த நிலையிலும் உப்பவைப்பதையும், சாதாரண மக்காச்சோளத்தின் மைட்டோகாண்ட்ரியாவை ஒன்றும் செய்யாததையும் கண்டறிந்தார்கள். 1986-இல் மரபணு பிடிபட்டது: டி-யுஆர்எஃப்13. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் துண்டுகள் ஒட்டிப் பிறந்த அந்த மரபணு 13 கிலோடால்டன் எடையுள்ள ஒரு சிறு புரதத்தை உண்டாக்குகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் அமர்கிறது. நச்சு வந்து ஒட்டியதும் புரதங்கள் கூடி ஒரு துளையாகின்றன. அயனிகளும் சுவாசத்துக்குத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறும் ஒழுகி, மின்னழுத்தம் இறங்கி, சுவாசம் குலைகிறது. அந்த மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அந்தப் பாக்டீரியாவும் நச்சுக்குச் சாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஓட்டை விழுந்தால் தாவரச் செல் சாகும் என்பதற்கு ஒரு நாட்டின் வயல்களே சோதனைக்கூடமான நிகழ்வு இது.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஓட்ஸ் பயிரில் 1940-களில் பரவிய விக்டோரியா கருகல் நோயின் நச்சு விக்டோரின். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் கிளைசின் டிகார்பாக்சிலேஸ் நொதியில் ஒட்டுவதாக 1990-களின் நடுவில் காட்டப்பட்டபோது, நச்சின் இலக்கு மைட்டோகாண்ட்ரியாதான் என்று பலரும் கருதினர். பின்னர் வந்த ஆய்வுகளோ வரிசையைத் தலைகீழாக்கின. முதலில் மைட்டோகாண்ட்ரியாவின் ஊடுருவு தன்மை மாறுகிறது. அதன் பிறகுதான் நச்சு உள்ளே போய் அந்த நொதியில் ஒட்ட முடிகிறது. அராபிடாப்சிஸிலோ விக்டோரின், தாவரம் நோயை அடையாளம் காணப் பயன்படுத்தும் புரதத்தையே தூண்டிவிட்டு, பாதுகாப்புக்கான இறப்பைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது என்று தெரியவந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு பொருள் ஒட்டியிருப்பதைக் கண்டால், அது குற்றவாளியா அல்லது கதவு திறந்த பின் வந்தவரா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கொல்லும் கை வேறு என்றேனே, அது பெரும்பாலும் செல்லின் நடுவே நீர் நிறைந்திருக்கும் பையான வாக்குவோல். முதிர்ந்த தாவரச் செல்லின் கனவளவில் 90 விழுக்காடு வரை அதுவே. அதற்குள் செரிக்கும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. சின்னியாவின் சைலச் செல்லில் வாக்குவோல் உடைந்த கணமே சைட்டோபிளாச ஓட்டம் நிற்கிறது; பத்து இருபது நிமிடங்களில் உட்கருவின் டி.என்.ஏ. கரைந்துவிடுகிறது. புகையிலையில் தேமல் வைரஸுக்கு எதிரான இறப்பில், காஸ்பேஸ் போன்ற வெட்டும் திறனைக் கொடுப்பது வாக்குவோலில் இருக்கும் நொதி ஒன்றே என்று 2004-இல் தெரிந்தது. 2011-இல் இத்துறையினர் பலர் சேர்ந்து எழுதிய வகைப்பாடு, தாவரச் செல் இறப்பைத் தோற்றத்தின் அடிப்படையில் வாக்குவோல் வழி இறப்பு, நெக்ரோசிஸ் என்று இரண்டாகப் பிரித்து, அப்போப்டாசிஸ் என்ற சொல்லைத் தாவரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அந்த வகைப்பாட்டில், மைட்டோகாண்ட்ரியா முன்கூட்டியே உப்பிச் சுவாசம் குலைவது நெக்ரோசிஸின் அடையாளம். அதன்படி என் 55 டிகிரிச் செல்கள் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்து நான் பல நாள் குழம்பியிருக்கிறேன். வாக்குவோல் மெல்ல விழுங்கும் இறப்பும் அதில் இல்லை, வெந்த இறப்பும் இல்லை.

2017-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸின் வேர்த்தூவிகளை எடுத்துக்கொண்டு, 55 டிகிரி, பத்து நிமிடம் என்ற அதே பழைய சோதனையைச் செய்தார்கள். ஆனால் சூடு காட்டுவதற்கு முன் சில செடிகளுக்குச் சவ்வுக் கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃபெரோஸ்டாட்டின்-1 என்ற பொருளையும், வேறு சிலவற்றுக்கு இரும்பைப் பிடித்துவைக்கும் பொருளையும் கொடுத்தார்கள். அவற்றில் இறப்பு குறைந்தது. இறந்த செல்களில், ஆக்சிஜனேற்றத்திலிருந்து செல்லைக் காக்கும் குளுட்டதையோன் தீர்ந்திருந்தது, சவ்வுக் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தன, மைட்டோகாண்ட்ரியா சுருங்கியிருந்தன. விலங்குச் செல்லில் ஃபெரோப்டாசிஸ் என்று அழைக்கப்படும், இரும்பைச் சார்ந்த இறப்பின் அடையாளங்கள் இவை. 77 டிகிரியில் அந்தப் பொருள்கள் எதையும் காப்பாற்றவில்லை; சைலத்தின் வளர்ச்சியில் நிகழும் இயல்பான இறப்பையும் அவை தொடவில்லை. ஆக, சைட்டோகுரோம் சி கதையின் முதல் தாவரச் சான்றாக 1999-இல் காட்டப்பட்ட அதே சூடு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, காஸ்பேஸோ அபாஃப்-1-ஓ தேவைப்படாத வேறொரு கதைக்குச் சான்றாகிவிட்டது. மைட்டோகாண்ட்ரியா இரண்டு கதைகளிலும் இருக்கிறது. முதலாவதில் அது திறந்துகொள்கிறது. இரண்டாவதில் அது சுருங்குகிறது.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்று என் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நீலமையில் எழுதிய எண்கள் பக்கம் பக்கமாக அப்படியே இருந்தன. அவற்றில் மாற்ற எதுவும் இல்லை, நான் எண்ணியவை எண்ணியவைதான். நடுப் பத்தியின் தலைப்பில் 'திட்டமிட்டு இறந்தவை' என்று இருந்ததை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே பென்சிலால் 'சுருங்கியவை' என்று எழுதினேன்.